மேய்ச்சல் தரையின் 2 மி.மீ. எறும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழக-கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் மாடு மேய்ந்து மொட்டையான தரைகளில் ஓர் எறும்பு தனித்தனியாகத் திரியும். பேரினப் பெயர் கார்டியோகாண்டைலா. நீளம் சுமார் 2 மி.மீ., அதாவது ஒரு கடுகின் குறுக்களவு. காலடியிலேயே இருந்தும் பெரும்பாலோர் பார்த்ததில்லை. இதைக் காட்டப் போகும் இடங்களிலெல்லாம் வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறோம்.

"இதுக்குத் தமிழ்ல பேரே இல்லீங்களா?"

தனிப்பெயர் இல்லை. கட்டெறும்பு, முசுறு, சுள்ளெறும்பு என்று நாம் பெயர் வைத்ததெல்லாம் கடித்தவை, கூடு கட்டியவை, இல்லையென்றால் சர்க்கரை டப்பாவில் ஏறியவை. எல்லைக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான். முசுறுக்கு மலையாளத்தில் நீறு, புளியுறும்பு என்று பெயர் உண்டு. இதைக் காட்டினால் வெறும் உறும்பு என்பார்கள். மற்ற பொடி எறும்புகளோடு சேர்த்து 'சித்தெறும்பு' என்று சொன்னால் தப்பில்லை.

கார்டியோகாண்டைலா என்பது கிரேக்கச் சொற்களால் ஆனது. கார்டியா என்றால் இதயம், காண்டைலோஸ் என்றால் கணு. இடுப்பில் உள்ள இரண்டு கணுக்களில் பின்கணு, மேலிருந்து பார்த்தால் இதய வடிவில் அகன்றிருக்கும். இத்தாலியரான கார்லோ எமெரி 1869ல் இந்தப் பேரினத்தை வரையறுத்தார். உலகில் இதில் 70க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

"இது நம்ம பிள்ளையார் எறும்புதானுங்களே?"

இல்லை. நம் பக்கம் கடிக்காத சிறிய எறும்பு எதுவானாலும் பிள்ளையார் எறும்புதான். அந்தப் பெயருக்குள்ளேயே நான்கைந்து வகை அடங்கிவிடும். 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் இருந்தால் பிரித்துவிடலாம்.

முதலில் இடுப்பைப் பாருங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் கணு இரண்டா, ஒன்றா? வீட்டில் சமையல் மேடையில் ஓடும் டாப்பினோமாவுக்கு (தலை கறுப்பு, வயிறு வெளுப்பு, நசுக்கினால் சிக்கெடுத்த தேங்காய் வாசம்) ஒரே கணுதான், அதுவும் வயிற்றுக்கடியில் மறைந்திருக்கும். கார்டியோகாண்டைலாவுக்கு இரண்டு கணுவும் தெளிவாகத் தெரியும். பின்கணு முன்கணுவைவிட நன்றாக அகலம்.

இரண்டு கணு உள்ளவற்றில் மோனோமோரியம், ஃபைடோலே, டெட்ராமோரியம், சொலினாப்சிஸ் எல்லாம் உண்டு. இவற்றிலிருந்து பிரிக்க முதுகு மயிர் உதவும். எறும்பைப் பக்கவாட்டில் வைத்து, பின்னால் வெளிச்சம் வரும்படி பாருங்கள். மற்றவற்றின் முதுகில் நிமிர்ந்த மயிர்கள் தூரிகைபோலத் தெரியும். கார்டியோகாண்டைலாவின் முதுகு மழித்தது போல இருக்கும். மார்பின் பின்முனையில் இரண்டு குட்டி முள், உணர்கொம்பின் நுனியில் தடித்த மூன்று கண்ணிகள், இவை இரண்டும் சேர்ந்தால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

லென்ஸே இல்லாமல் ஓர் அறிகுறி வேண்டுமென்றால் நடையைப் பாருங்கள். இது சாரை போடாது. தாழ்ந்து, தரையோடு ஒட்டி, சற்று ஓடி நின்று, உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, மறுபடி ஓடும். வரிசையாகப் போகும் பொடி எறும்பு எதுவும் பெரும்பாலும் இது இல்லை.

"கண்ணுக்கே தெரியலியே, எங்கே போய்த் தேடறது?"

அடர்ந்த புல்லில் தேடாதீர்கள். அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் திட்டுத் திட்டாக இருந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மண் தெரியும் இடம்தான் சரி. மாட்டுத்தடம், வண்டித்தட ஓரம், களத்துமேட்டு விளிம்பு, கோயில் திடல், ஆற்றுப்படுகையின் இறுகிய மணல் எல்லாம் பொருந்தும். வெயில் நேராகப் படவேண்டும். நேற்று உழுத மண்ணில் இருக்காது.

நான்கு குச்சியும் நூலும் கொண்டு 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் கட்டி, வெயிலை எதிர்நோக்கி உட்காருங்கள். எறும்பைத் தேடாமல் அதன் நிழலைத் தேடுங்கள். சாய்வெயிலில் எறும்பைவிட நிழல் நீளமாகத் தெரியும் என்பதால்தான் காலை 8 முதல் 10 மணி வரை நல்ல நேரம். உச்சிவெயிலிலும் இது நடமாடும், ஆனால் அப்போது நிழல் காலுக்கடியில் போய்விடும். ஒரு சதுரத்துக்கு 20 நிமிடம் என்று, காலையில் மூன்று சதுரம் போதும். பத்து இடம் சுற்றிப் பார்ப்பதைவிட மூன்று இடத்தில் அசையாமல் உட்கார்வது பலன் தரும்.

கூட்டு வாசல் பென்சில் நுனியால் குத்தியது போல ஒற்றைத் துளை. மண்மேடு இருக்காது, இருந்தாலும் காற்றில் கலைந்துவிடும். கண்ணால் துளையைத் தேடினால் கிடைக்காது, எறும்பைப் பின்தொடர்ந்துதான் போகவேண்டும்.

"அரை மணி நேரம் குந்திப் பார்த்தேன், ஒண்ணுகூட வரல. எனக்கு மட்டும் ஏன்?"

மூன்று காரணங்களை முதலில் சரிபாருங்கள். ஒன்று, உங்கள் நிழல் சதுரத்தின்மேல் விழுந்திருக்கும். இரண்டாவது, காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதி கிளப்பும்போது 2 மி.மீ. எறும்பு வெளியே வந்து பிழைக்காது. அந்த மாதங்களில் விடிந்ததும், காற்று எழும்புவதற்கு முன் பாருங்கள்.

மூன்றாவது, அந்த இடத்தைச் சுள்ளெறும்பு பிடித்திருக்கும். சொலினாப்சிஸ் ஜெமினேட்டா என்ற அந்தச் சிவப்பு எறும்பு அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. உழவுக்காட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் பொதுபொதுவென்று மண் தள்ளியிருக்கும். அதன் வாசலுக்குப் பத்தடிக்குள் சதுரம் கட்டாதீர்கள். கால் நீட்டி உட்கார்ந்தால் உங்களையும் விடாது.

"இரை வெச்சா வருமா? சர்க்கரையா, தேங்காயா?"

வரும். ஆனால் இரை பெரிதாக இருந்தால் காரியம் கெடும். ஒரு துண்டு கருவாட்டை வைத்தால் ஃபைடோலே பத்து நிமிடத்தில் படையோடு வந்து மூடிவிடும். கார்டியோகாண்டைலா முதலிலேயே கண்டுபிடித்திருந்தாலும் ஒதுங்கிப் போய்விடும். கூட்டமாக எதிர்த்து நிற்கும் பலம் அதன் கூட்டுக்குக் கிடையாது. பெரும்பாலும் சில பத்துகளிலிருந்து சில நூறு எறும்புகள் வரைதான் ஒரு கூட்டில் இருக்கும்.

அதனால் இரையைப் பொடியாக்குங்கள். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உலர்த்தி, விரலால் நசுக்கி, ரவையைவிடச் சிறிதாக்கி, ஒரு துகளை மட்டும் எறும்பின் வழியில் போடுங்கள். மஞ்சள் நிறம் செம்மண்ணில் பளிச்சென்று தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு போகும் எறும்பைத் தொடர்ந்தால் வாசல் தெரிந்துவிடும். துகள் பெரிதானால் தூக்க முடியாமல் அங்கேயே நின்று கடித்துக்கொண்டிருக்கும், உங்களுக்கு வழி கிடைக்காது. இனிப்புக்கு 100 மி.லி. நீரில் 20 கிராம் சர்க்கரை கரைத்து, பஞ்சு நுனியில் ஒரு சொட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, வேறு எறும்பு மூன்று வந்ததும் எடுத்துவிடுங்கள்.

"ரெண்டு எறும்பு ஒட்டிக்கிட்டே போகுது. சண்டையா, ஜோடியா?"

இரண்டும் இல்லை. அது வழிகாட்டல். இரையைக் கண்ட எறும்பு கூட்டுக்குப் போய் ஒரே ஒரு தோழியை அழைத்துவருகிறது. முன்னது ஓடும். பின்னது அதன் வயிற்றை உணர்கொம்பால் தட்டிக்கொண்டே வரும். தட்டல் நின்றால் முன்னது அப்படியே நின்றுவிடும். பின்னது வளைந்து வளைந்து தேடி மறுபடி தொட்டதும்தான் ஓட்டம் தொடரும். இரண்டுக்கும் இடையில் ஒரு புல்லின் சருகு விழுந்தால்கூட இந்த நிற்றலைப் பார்க்கலாம்.

மற்ற எறும்புகள் தரையில் வாசக்கோடு போட்டு நூறு பேரை அழைக்கும்போது, இது ஆளுக்கு ஒருவராகக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது. இந்தப் பேரினத்தில் இதை அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் 1959ல் விவரித்து எழுதினார். பார்க்கும்போது மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள். வாய்க்காற்று பட்டால் ஜோடி பிரிந்துவிடும்.

"கடிக்குமா? மாட்டுக்கு, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? கரந்தமலையில வந்தது இதுதானே?"

ஒன்றும் ஆகாது. கையில் ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது. 2022ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையில் பெருகி ஊராரையும் கால்நடைகளையும் தொல்லைப்படுத்தியது மஞ்சள் பைத்தியக்கார எறும்பு எனப்படும் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். அது 4 முதல் 5 மி.மீ. நீளம், கால் நீளம், ஒரே கணு, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கடலைக்காட்டு வரப்புல இருக்குது, பொடி போட்டுடலாமுங்களா?"

வேண்டாம். இது கடலையைத் துளைக்காது, வேரைக் கடிக்காது. செத்த பூச்சி, சின்னஞ்சிறு பூச்சிகள், இனிப்புத் துளி, இவைதான் இதன் சாப்பாடு. எறும்புப் பொடி எது எந்த எறும்பு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும். காலியான அந்த மண்ணில் முதலில் வந்து உட்காரக்கூடியது, மேலே சொன்ன சுள்ளெறும்பு போன்ற படையெறும்புதான். காட்டில் தொல்லை என்றால் அது எந்த எறும்பு என்று முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

"விரல்ல எடுத்தா நசுங்கிடுது. எப்படித்தான் பிடிக்கறது?"

ஓவியம் வரையும் 0 எண் தூரிகையை ஸ்பிரிட்டில் நனைத்து, நுனியால் எறும்பின் முதுகைத் தொடுங்கள். ஒட்டிக்கொள்ளும். அப்படியே குப்பியில் அலசிவிடுங்கள். தூரிகை சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் மண்ணும் சேர்ந்து வரும் என்பதால் ஒருமுறை துணியில் ஒற்றிவிட்டுத் தொடவேண்டும்.

எறும்பை வாயால் இழுத்துக் குப்பிக்குள் பிடிக்கும் உறிஞ்சுகுழல் செய்வதானால் 30 மி.லி. பிளாஸ்டிக் குப்பி, மூடியில் இரண்டு துளை, 5 மி.மீ. குழாய் இரண்டு. நீங்கள் உறிஞ்சும் குழாயின் உள்முனையில் துணி கட்டவேண்டும். எல்லோரும் தவறுவது இங்கேதான். கொசுவலைத் துணி கட்டினால் இந்த எறும்பு அதன் கண்ணில் நுழைந்து உங்கள் தொண்டைக்குள் வந்துவிடும். நெருக்கமாக நெய்த மல் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். கட்டெறும்பையும் முசுறையும் இதில் உறிஞ்சாதீர்கள், அமிலக் காற்று நெஞ்சை அடைக்கும்.

ஒரு கூட்டிலிருந்து வெளியே திரிபவற்றில் ஐந்தாறு போதும். கூட்டைத் தோண்டவேண்டாம். நூறு எறும்புள்ள குடும்பத்தில் தோண்டுவது என்பது அதை முடித்துவிடுவதுதான்.

குப்பிக்குள்ளேயே ஒரு சீட்டு போடுங்கள். ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, மண்ணின் தன்மை, எடுத்தவர் பெயர், எல்லாம் பென்சிலால். பால்பாயிண்ட் பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து நீலத் தண்ணீராகிவிடும். சீட்டில்லாத எறும்பு ஆய்வுக்கு உதவாது, எவ்வளவு அரியதாக இருந்தாலும்.

"ஸ்பிரிட்டுக்கு எங்கே போறது? சானிடைசர் பத்தாதா?"

தண்ணீர்போல் இருக்கும் சானிடைசர் ஒரு வாரத்துக்குத் தாங்கும். அதில் கிளிசரின் கலந்திருப்பதால் எறும்பு பிசுபிசுப்பாகும். சீக்கிரம் எத்தனாலுக்கு மாற்றிவிடுங்கள். ஜெல் வகை கூடவே கூடாது, மயிரிலும் கணுவிலும் பசையாக ஒட்டி உருவம் மறைந்துவிடும். உருவம் பார்க்க 75 சதவீத எத்தனால் சரி. 95 சதவீதத்தில் 79 மி.லி.யோடு 21 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் அந்த அளவு வரும். மரபணு ஆய்வுக்கு என்றால் நீர் கலக்காமல் 95லேயே போடவேண்டும். எத்தனால் கட்டுப்பாட்டுப் பொருள் என்பதால், கல்லூரி விலங்கியல் துறை வழியாகப் பெறுவதே நேரான வழி.

"குழிப்பொறி வெச்சா ஒரே ராத்திரியில நெறைய விழுமே?"

விழும், ஆனால் வேறு எறும்புகள்தான் நிறைய விழும். எறும்பு தவறி விழும்படி மண்ணில் புதைக்கும் பொறிக்கு டீ கப் வேண்டாம். 18 மி.மீ. வாயுள்ள சோதனைக்குழாயை, விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கும்படி புதையுங்கள். விளிம்பு ஒரு மி.மீ. தூக்கி நின்றாலும் இந்த எறும்புக்கு அது சுவர், சுற்றிக்கொண்டு போய்விடும். 100 மி.லி. நீரில் 30 கிராம் உப்பு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். இதில் கால் குழாய் அளவு ஊற்றினால் போதும்.

புதைத்த அன்றே திறக்கக்கூடாது. கிளறிய மண்ணைப் பார்க்க எறும்புகள் கூடும், கணக்கு பொய்யாகும். மூடிவைத்து ஐந்து நாள் கழித்துத் திறந்து, 48 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு ஸ்பிரிட்டில் போடவேண்டும், இல்லாவிட்டால் உலரும்போது உப்புப் பூத்து முதுகு தெரியாது. ஐப்பசி மழையில் இந்த வேலையே வேண்டாம்.

"மொபைல்ல எடுத்தா வெறும் புள்ளியா வருது"

மொபைலில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வேண்டும். உயிரோடு எடுக்க, எறும்பைச் சின்னக் குப்பியில் மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நிமிடம் வையுங்கள். எடுத்தவுடன் படமெடுக்க ஒரு நிமிடம் கிடைக்கும். குப்பிக்குள் ஈரமிருந்தால் நீர்ப்படலம் கட்டி எறும்பு அதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரு துண்டு உறிஞ்சுதாள் போட்டுவையுங்கள்.

கிராஃப் தாளின்மேல் வைத்து எடுத்தால் அளவு தானாக வந்துவிடும். ஒரு கட்டம் 1 மி.மீ. மூன்று படம் தேவை: பக்கவாட்டில் முழு உடல், மேலிருந்து இடுப்பு, நேரெதிரே முகம். டார்ச் வெளிச்சத்தை டிஷ்யூ தாள் வழியாக விடுங்கள். நேரடி வெளிச்சம் பட்டால் முதுகு வெள்ளையாக எரிந்து, மயிர் இருக்கிறதா இல்லையா என்ற முக்கியமான கேள்விக்கே பதில் இல்லாமல் போகும்.

"படத்தைப் பார்த்து எந்த இனம்னு சொல்லிடலாமா?"

பேரினம் வரை சொல்லலாம், இனம் சொல்லக்கூடாது. இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். இந்தியாவில் எமெரியி, ரௌட்டோனி என்று சில இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ரௌட்டோனி என்பது பம்பாய் மாகாண வனத்துறை அதிகாரியாக இருந்த ரௌட்டனின் பெயரால், அகஸ்த் ஃபோரெல் 1890ல் வைத்தது. அது பெரும்பாலும் செடிகளின் பொந்துகளில் வாழ்வது. தரையில் வாழும் இனங்கள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கும். தலையின் நீள அகல விகிதம், முள்ளின் நீளம், கணுவின் உயரம் என்று நுண்ணோக்கியில் அளந்து கணக்கிட்டுத்தான் பிரிக்கமுடியும்.

ஜெர்மன் எறும்பு ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் சைஃபர்ட் 2003ல் இந்தப் பேரினத்தின் பல குழுக்களை மறுஆய்வு செய்தபோது, உலகெங்கும் 'நூடா' என்ற ஒரே இனமாக எழுதிவைத்திருந்ததில் பல, வேறு இனங்கள் என்று தெரியவந்தது. அனுபவசாலிகளே தவறிய இடம் இது. 'கார்டியோகாண்டைலா, இனம் தெரியவில்லை' என்று எழுதிய பதிவு பிறகும் பயன்படும். தப்பான இனப்பெயர் வைத்த பதிவு, அடுத்து வருபவரையும் தப்பான வழியில் அனுப்பும். மாதிரியைச் சரிபார்க்க பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், கோழிக்கோட்டில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையம் போன்ற இடங்களை எழுதிக் கேட்டு அணுகலாம்.

"கூட்டுக்குள்ள ஆம்பளை எறும்புங்க ஒண்ணையொண்ணு கொல்லும்னாங்க, நெசமா?"

நிஜம்தான், ஆனால் எல்லா இனத்திலும் அல்ல. பொதுவாக ஆண் எறும்புக்கு இறக்கை இருக்கும், வெளியே பறந்து இணைசேர்ந்து செத்துப்போகும். இந்தப் பேரினத்தில் இறக்கையே இல்லாத ஆண்களும் உண்டு. பார்க்க வேலைக்காரி எறும்பு போலவே இருக்கும், கூட்டை விட்டு வெளியே வராது. ஆப்ஸ்கியூரியர் என்ற இனத்தில் இந்த ஆணுக்கு அரிவாள்போல வளைந்த தாடை. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவரும் மற்ற ஆணை, அதன் உடல் இறுகுவதற்குள் கவ்விக் கொன்றுவிடும். 1987ல் ஜப்பானில் கினோமுராவும் யமவுச்சியும் இதை விரிவாக எழுதினார்கள்.

அதே இனத்தில் இறக்கையுள்ள ஆணும் உண்டு. அதை ஏன் கொல்வதில்லை? அதன் உடல் மேல்பூச்சின் வாசம் இளம் ராணியின் வாசத்தை ஒத்திருப்பதால் சண்டைக்கார ஆண் ஏமாந்துபோகிறது என்று 2002ல் கண்டார்கள். இன்னொரு விசேஷம், இறக்கையில்லாத ஆணுக்கு ஆயுள் முழுக்க விந்து ஊறிக்கொண்டே இருக்கும். மற்ற எறும்பு ஆண்களுக்கு ஒருமுறை உண்டானதோடு சரி.

"கூடப்பொறந்ததுகளே சேர்ந்தா வம்சம் கெடாதா?"

நல்ல கேள்வி. கூட்டுக்குள்ளேயே இணைசேர்வதால் அண்ணன் தங்கைச் சேர்க்கை இங்கே சாதாரணம். எறும்பில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். பல தேனீ, எறும்பு இனங்களில் நெருங்கிய உறவில் சேர்ந்தால் கருவுற்ற முட்டையிலும் பயனற்ற ஆண்கள் பிறக்கும். ஆப்ஸ்கியூரியரில் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளைச் சேர்த்துப் பார்த்த சோதனையில் அப்படி ஆகவில்லை. அதற்காகப் பாதிப்பே இல்லை என்று இல்லை. தலைமுறைகள் தொடரத் தொடர ராணியின் ஆயுள் குறைகிறது, புழுக்கள் சாவது கூடுகிறது. இடையிடையே வெளிச்சம்பந்தம் நடந்தால்தான் சரியாகும்.

"வாளையார், பறம்பிக்குளம் காட்டுக்குள்ள போய்ப் பிடிக்கலாமா? வெளிநாட்டுக்காரங்க கேட்டா அனுப்பலாமா?"

உங்கள் பட்டா நிலத்தில் தாராளமாகப் பாருங்கள். காப்புக்காட்டிலும் புலிகள் காப்பகத்திலும் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் எறும்பைக்கூட எடுக்கக்கூடாது. வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவது 2002ம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் கீழ் வரும். சென்னையில் உள்ள தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் தபாலில் போட்டுவிடாதீர்கள். படம் அனுப்பத் தடையில்லை.

"சும்மா கெடக்கற பூமிதானே, மரம் வெச்சா எறும்புக்கும் நல்லதுதானே?"

இந்த எறும்புக்கு நல்லதல்ல. மேலே தேடும் இடம் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: இதற்கு வேண்டியது வெயில் படும் வெற்றுமண். நெருக்கமாக மரம் வைத்து நிழல் கட்டி, சருகு மூடிவிட்டால் வேறு எறும்புகள் வரும், இது போய்விடும். மொத்தமாக மேய்ச்சலை நிறுத்தி வேலிபோட்டாலும் புல் மூடி அதே கதைதான். மாடு மிதித்த திட்டும், வெள்ளாடு கடித்த மொட்டையும் இதற்கு வீடு.

மரம் வைத்தே ஆகவேண்டும் என்றால் நிலத்தின் மேற்கு, வடக்கு ஓரங்களில் வைத்து நடுவைத் திறந்துவிடுங்கள். வைப்பதற்கு முன் ஐந்து சதுரம், வைத்த இரண்டாம் ஆண்டு அதே ஐந்து சதுரம், அதே மாதம், அதே நேரம், சதுரத்துக்கு 20 நிமிடம் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். சதுரத்தின் மூலைகளில் கல் பதித்துவையுங்கள், நூலை ஆடு தின்றுவிடும்.